ஜெர்மன் பட்டமும் வேலையும்: எதுவரை படித்தீர்கள் என்பதுதான் கேள்வி

ஜெர்மன் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பவரிடம் பதிலுக்கு ஒன்று கேட்க வேண்டும்: எதுவரை படிக்கப்போகிறீர்கள்? முதல் படியான ஏ1 முடித்தவரும் "ஜெர்மன் தெரியும்" என்று ரெஸ்யூமேயில் எழுதுகிறார், ஐந்தாம் படியான சி1 முடித்தவரும் அதையேதான் எழுதுகிறார். வேலை கொடுப்பவருக்கு இந்த இருவரும் வேறு வேறு ஆட்கள். முதல் ஆளுக்கு ஒரு புன்னகை கிடைக்கும். இரண்டாவது ஆளுக்குத்தான் சம்பளம்.

ஐரோப்பிய மொழித் தகுதி ஆறு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனம் (சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும்) தரும் கணக்குப்படி, பி2 வரை வர 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 தேவைப்படும். சி1-க்கு 800 முதல் 1000. வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நேரம் இதில் சேராது. வேலைக்குப் போய்க்கொண்டே சனி, ஞாயிறு வகுப்புக்கு வருபவர் இந்தக் கணக்கை எட்ட வருடங்கள் ஆகும். அதனால்தான் ஏ1 வகுப்பில் இடம் கிடைக்காமல் கூட்டம் அலைமோதினாலும், மேலே போகப்போக நாற்காலிகள் காலியாகின்றன. பெரும்பாலானோர் ஏ2, பி1 என்று ஏதோ ஒரு படியில் நின்றுவிடுகிறார்கள்.

நிற்பதற்கு நியாயமும் இருக்கிறது. கணவனோ மனைவியோ ஜெர்மனியில் இருக்க, அவரோடு சேர்ந்து வாழப் போகிறவருக்குப் பொதுவாக ஏ1 சான்றிதழ் போதும். 2007-ல் வந்த விதி அது. நம் ஊரில் கல்யாணம் நிச்சயமானதும் ஜெர்மன் வகுப்பில் சேரும் மணப்பெண்கள் ஒரு தனிப் பிரிவு! அவர்களுக்கு ஏ1 என்பது விசாவுக்கான சான்றிதழ், அவ்வளவுதான். பிளஸ் டூ முடித்துவிட்டு ஜெர்மனியில் சம்பளத்தோடு தொழிற்பயிற்சிக்குப் போக நினைக்கும் பையனுக்கு, அங்கே 'ஆவுஸ்பில்டுங்' என்று சொல்வார்கள், வழக்கமாக பி1 கேட்பார்கள். நர்ஸாகப் பதிவு செய்ய பி2 வேண்டும். கேரள அரசின் நோர்க்கா அமைப்பு 2021 டிசம்பரில் ஜெர்மன் அரசு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டு நடத்தும் 'டிரிப்பிள் வின்' திட்டத்தில், நர்ஸுகள் இங்கே பி1 முடித்துப் போய், அங்கே வேலை பார்த்துக்கொண்டே பி2 எழுதுகிறார்கள். தமிழ்நாட்டிலும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸுகளுக்கு ஜெர்மன் பயிற்சி நடத்தியிருக்கிறது.

இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் குடியேற்றச் சட்டம் ஒரு மதிப்பு வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2024 ஜூனில் ஜெர்மனி கொண்டுவந்த 'வாய்ப்பு அட்டை' வேலை கையில் இல்லாமலே போய், அங்கே ஒரு வருடம் வரை வேலை தேட அனுமதிக்கிறது. அதற்கு ஆறு புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஜெர்மன் ஏ2-க்கு ஒரு புள்ளி, பி1-க்கு இரண்டு, பி2-க்கும் அதற்கு மேலும் மூன்று. ஆங்கிலம் சி1 அளவுக்குத் தெரிந்திருந்தால் ஒரே ஒரு புள்ளி. 28 வயதுப் பொறியாளர் ஒருவர், இரண்டு வருட அனுபவம் உள்ளவர் என்று வையுங்கள். வயதுக்கு இரண்டு, அனுபவத்துக்கு இரண்டு, ஆக நான்கு. பி1 இருந்தால் ஆறு வந்துவிட்டது. பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டிலும் இதே கதை. ஆங்கிலத்திலேயே ஓடும் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தவர்கூட, ஏ1 மட்டும் வைத்திருந்தால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்க 27 மாதம் காத்திருக்க வேண்டும். பி1 இருந்தால் 21 மாதம். மொழிக்கு ஆறு மாதத் தள்ளுபடி.

ஜெர்மனி இப்படிக் கதவைத் திறந்து வைத்திருப்பதற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. போருக்குப் பிந்தைய காலத்தில் பிறந்த பெருந்தலைமுறை இப்போது மொத்தமாக ஓய்வு பெறுகிறது. வேலை செய்யும் ஆட்களின் எண்ணிக்கை குறையாமல் இருக்க ஆண்டுக்கு 4 லட்சம் பேராவது நிகரமாக வந்து குடியேற வேண்டும் என்று அந்நாட்டு வேலைவாய்ப்பு முகமையின் ஆய்வு நிறுவனமே கணக்குச் சொல்லியிருக்கிறது. 2024 அக்டோபரில் இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களை முந்திக்கொண்டு இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்தாயிற்று.

ஆனால் அந்த மாணவர்களில் பெரும்பங்கு ஆங்கிலவழி எம்.எஸ். படிக்கப் போனவர்கள். முதல் இரண்டு வருடம் பிரச்சினை தெரியாது. பேராசிரியர் ஆங்கிலம் பேசுவார், உடன் படிப்பவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள், ஆறு இந்திய நண்பர்கள் ஒரே வீட்டில் சமைப்பார்கள். பட்டம் வாங்கிய பின் வேலை தேட 18 மாத அவகாசம் உண்டு. அப்போதுதான் விளங்கும், விளம்பரங்களில் பாதிக்கு மேல் ஜெர்மனில் இருப்பது. பெர்லினிலும் மியூனிக்கிலும் இருக்கும் ஸ்டார்ட்-அப்களை விட்டுவிட்டு, அந்நாட்டுப் பொருளாதாரத்தின் முதுகெலும்பான நடுத்தரக் குடும்பக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டால், சின்ன ஊரில் 300 பேர் வேலை பார்க்கும் வால்வு தொழிற்சாலையில் ஷிப்டு மேஸ்திரியோடு ஆங்கிலம் பேசி வேலை வாங்க முடியாது.

பி2-க்கும் சி1-க்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதைக் காட்ட டாக்டர்களுக்கான மொழித்தேர்வை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஜெர்மனியில் டாக்டராக, பொது ஜெர்மனில் பி2 காட்டியபின், மருத்துவ ஜெர்மனில் சி1 அளவில் 'ஃபாஹ்ஷ்ப்ராஹ்ப்ரூஃபுங்' என்ற தேர்வை எழுத வேண்டும். அந்தந்த மாநில மருத்துவக் கவுன்சில்கள் நடத்துகின்றன. மொத்தம் ஒரு மணி நேரம், 20 நிமிடமாக மூன்று பகுதி. முதல் பகுதியில் தேர்வாளர் ஒருவர் நோயாளியாக நடிப்பார். மூன்று நாளாக வயிற்றுக்குள் யாரோ பிசைகிற மாதிரி இருக்கிறது, நடுவில் பாட்டி இறந்துபோனாள், ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், பேர் தெரியாது, வெள்ளையாகச் சின்னதாக இருக்கும் என்றெல்லாம் ஓட்டமாகப் பேசுவார். நீங்கள் கேள்வி கேட்டு விவரம் வாங்க வேண்டும், பயத்தைத் தணிக்க வேண்டும், நோயாளிக்குப் புரியும் வீட்டுச் சொல்லில் பேச வேண்டும். அடுத்த 20 நிமிடத்தில் அதையே மருத்துவக் கடிதமாக எழுத வேண்டும். மூன்றாவது பகுதியில் சீனியர் டாக்டருக்கு அதே நோயாளியை விவரிக்க வேண்டும். இப்போது வீட்டுச் சொல் செல்லாது, லத்தீன், கிரேக்க வழிக் கலைச்சொல்தான். அரை மணி நேரம் முன்பு 'ப்ளூட்ஹோஹ்ட்ருக்' என்று நோயாளியிடம் சொன்ன ரத்தக்கொதிப்பை, இப்போது 'ஹைப்பர்டோனீ' என்று மாற்றிச் சொல்ல வேண்டும். இலக்கணம் முழுக்க மனப்பாடமாக இருந்தும் இந்தத் தேர்வில் விழுந்தவர்கள் உண்டு. யாரிடம் பேசுகிறோம் என்பதற்கேற்ப மொழியை மாற்றுவது வகுப்புப் புத்தகத்தில் வராது. நிறையக் கேட்டு, நிறையப் படித்து, நிறைய எழுதித்தான் வரும்.

அந்த நிறையவுக்கு நேரம் கொடுக்கும் இடம் பல்கலைக்கழகம். இதுதான் நான் சொல்ல வந்தது. ஜெர்மன் பி.ஏ. பட்டத்தின் உண்மையான லாபம் பட்டத்தில் இல்லை, பி1-ல் நின்றுவிடாமல் அந்தக் கடினமான நடுப்பகுதியைத் தாண்டவைப்பதில் இருக்கிறது. மூன்று வருடம் தினமும் காலையில் வகுப்பு. தப்பிக்க வழியில்லை.

தமிழ்நாட்டில் ஜெர்மன் பெரும்பாலும் சான்றிதழ், டிப்ளமோ, அல்லது பொறியியல் கல்லூரியில் விருப்பப்பாடம் என்ற வடிவில்தான் கிடைக்கிறது. விருப்பப்பாடமாக இரண்டு செமஸ்டர் படித்தால் ஏ1, மிஞ்சினால் ஏ2. முழுப்பட்டமாகப் படிக்க வடக்கே போக வேண்டும்: டெல்லியில் ஜே.என்.யு.வும் டெல்லிப் பல்கலைக்கழகமும், காசி இந்துப் பல்கலைக்கழகம், புனே, மும்பை. நமக்குப் பக்கத்தில் ஹைதராபாத்தில் இஃப்லு என்கிற ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம். இலங்கையில் என்றால் களனிப் பல்கலைக்கழகம். ஜே.என்.யு.வில் பி.ஏ. ஆனர்ஸ் சேர ஜெர்மன் ஒரு எழுத்துகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத்தேர்வு எழுதினால் போதும். கட்டணமும் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகளிடம் இந்தத் தகவல் போய்ச்சேரவே இல்லை என்பது என் குறை. நீட், பொறியியல் கலந்தாய்வு இரண்டுக்கும் வெளியே உலகம் இருப்பதாகவே பள்ளிகளில் சொல்வதில்லை.

தமிழ் மாணவருக்கு ஒரு சின்ன அனுகூலம் உண்டு. ஜெர்மனில் துணை வாக்கியத்தின் வினை கடைசியில் வரும். பெயர்ச்சொல்லோடு வேற்றுமை கூடவே வரும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் திணறும் இந்த இடங்களில் நமக்கு மூச்சு முட்டாது. நான்கு வேற்றுமைதானே, நம்மிடம் எட்டு இருக்கிறது. அடி விழுவது பால் விஷயத்தில். மேசை ஆண், விளக்கு பெண், சிறுமி இரண்டும் இல்லை. உயர்திணை அஃறிணை என்று அறிவோடு பிரித்துப் பழகிய மனதுக்கு இது அநியாயமாகப்படும். வேறு வழியில்லை, சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

சரி, சி1 வந்துவிட்டது. இந்தியாவிலேயே என்ன வேலை? ஜெர்மன் கம்பெனி என்றதும் கார் தொழிற்சாலை நினைவுக்கு வரும். செங்கல்பட்டுப் பக்கம் பி.எம்.டபிள்யூ., ஒரகடத்தில் டைம்லரின் பாரத்பென்ஸ், ஓசூரில் ஷேஃப்லர், கோயம்புத்தூரில் போஷ் மென்பொருள் பிரிவு. ஆனால் தொழிற்சாலைத் தளத்தில் மொழிப் பட்டதாரிக்குப் பெரிய வேலை இல்லை. அங்கே பொறியாளருக்குக் கூடுதலாக ஜெர்மன் தெரிந்தால் தலைமையகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பும்போது பெயர் முன்னால் வரும், அவ்வளவே. மொழிக்காகவே ஆள் எடுப்பது பின்னணி அலுவலகங்கள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் புனேயிலும் அலையன்ஸ் காப்பீட்டு நிறுவனம், புனேயிலும் பெங்களூரிலும் டாய்ச்ச வங்கி, பெங்களூரில் சாப் மென்பொருள் நிறுவனம், சீமென்ஸ், மெர்சிடிஸ் ஆய்வு மையம். இவை போக, ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு, சம்பளப் பட்டியல், கொள்முதல் பார்த்துக்கொடுக்கும் ஏகப்பட்ட பி.பி.ஓ.க்கள்.

அங்கே ஒரு நாள் எப்படி இருக்கும்? ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். அதனால் அமெரிக்கக் கால் சென்டர் மாதிரி ராத்திரி முழிக்க வேண்டாம். பகல் பதினொன்று, பன்னிரண்டுக்கு வேலை தொடங்கி இரவு எட்டு, ஒன்பதுக்கு முடியும். மேசையில் ஒரு புகார்க் கடிதம்: ஸ்டுட்கார்ட்டில் ஒருவர் வீட்டுக் குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரை நனைந்துவிட்டது, காப்பீட்டுப் பணம் கேட்கிறார். வாக்கியம் ஒன்று நான்கு வரி ஓடும், வினை கடைசியில் வரும், அதற்குள் மூன்று நிபந்தனை. அதைப் படித்து, எந்தப் பிரிவின் கீழ் வரும் என்று முடிவு செய்து, மரியாதை குறையாமல், அதே சமயம் நிறுவனத்துக்கு வம்பு வராமல் பதில் எழுத வேண்டும். பி1 வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. அதனால்தான் மொழிக்கென்று தனியாக ஒரு படி சேர்த்துச் சம்பளம் தருகிறார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் வேலையில் மொழிப் பட்டதாரியின் சம்பளம் அதே அலுவலகத்தில் சேரும் பி.காம். பட்டதாரியை விட நன்றாகவே இருக்கும். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், கணக்கு தெரிந்த பி.காம். ஆள் மேலாளர் ஆகியிருப்பார், மொழி ஆள் இன்னும் கடிதம் படித்துக்கொண்டிருப்பார். காப்பீடோ, கணக்கோ, சாப் மென்பொருளோ, ஏதாவது ஒன்றை அந்த முதல் இரண்டு வருடத்துக்குள் பிடித்துக்கொண்டவர்கள்தான் மேலே போகிறார்கள். ஜெர்மன் இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கிவிட்டு, பின்னணி அலுவலக வேலை என் தகுதிக்குக் கீழே என்று நினைப்பவர்களுக்கு இது கசக்கும். ஆனால் நிலவரம் அப்படித்தான்.

மொழிபெயர்ப்பு வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பத்து வருடம் முன்பு ஜெர்மன் படித்தவர்களின் கனவு வேலை அது. பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டிலிருந்தே கையேடுகளும் ஒப்பந்தங்களும் செய்தார்கள். 2017-ல் கொலோன் நகரத்திலிருந்து டீப்எல் என்ற மொழிபெயர்ப்பு இயந்திரம் வந்தது, அப்புறம் மற்ற இயந்திரங்கள் வந்தன. இயந்திரக் கையேடு, இணையக் கடை விவரம் மாதிரி சாதாரண எழுத்து இன்று மனிதக் கையில் முழுதாகத் தங்குவதில்லை. இயந்திரம் தந்ததைத் திருத்தித் தரும் வேலையாக அது மாறிவிட்டது, கூலியும் இறங்கிவிட்டது. தவறினால் வழக்கு வரும் இடங்களில், அதாவது காப்புரிமை, மருந்து, சட்டம் ஆகியவற்றில், பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட இன்னும் ஆள் வேண்டும். தமிழ்-ஜெர்மன் மொழிபெயர்ப்பில் நமக்குத் தனி வாய்ப்பு இருக்குமே என்று சிலர் நினைப்பதுண்டு. நீதிமன்றம், மருத்துவமனை, அகதி விசாரணை போன்ற இடங்களில் அந்த வேலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 1983-க்குப் பின் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போன ஈழத்தமிழர்களின் பிள்ளைகள் அந்த நாடுகளிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு மொழியும் அவர்களுக்கு வீட்டு மொழி. இங்கிருந்து போய் அவர்களோடு போட்டி போடுவது வீண்.

தமிழும் ஜெர்மனும் சேர்ந்து தெரிந்தவருக்கு உண்மையான இடம் வேறு ஒரு மூலையில் இருக்கிறது. பணம் குறைவு, ஆனால் ஆளே இல்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்த ஜெர்மன் பாதிரிமார்களும் தாங்கள் பார்த்ததையெல்லாம் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார்கள். தான் சேகரித்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708-லேயே பட்டியல் போட்டவர் சீகன்பால்க். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-ல் எழுதி முடித்த நூலை அச்சிட ஹாலேயில் இருந்தவர்களுக்கு மனமில்லை. அது 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. அதைவிடச் சுவாரசியமானது, அவர் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கிய கடிதங்கள். ஏன் இத்தனை தெய்வம், பெண்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எங்கள் மதத்தில் உங்களுக்கு எது பிடிக்கவில்லை என்றெல்லாம் கேட்டிருக்கிறார், சாதாரணத் தமிழர்கள் காரசாரமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய தமிழ்க் குரல்! அது நமக்குக் கிடைப்பது ஜெர்மன் மொழிபெயர்ப்பு வழியாகத்தான். ஹாலேயில் உள்ள ஃபிராங்கே நிறுவன ஆவணக் காப்பகத்தில் ஓலைச்சுவடிகளும் கடிதக் கட்டுகளும் இன்றும் இருக்கின்றன. அந்தக் கடிதங்களில் பெரும்பகுதி பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருப்பதால் இன்றைய ஜெர்மானியரே பயிற்சி இல்லாமல் படிக்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தை ஆராயும் ஒரு தமிழ் மாணவர் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அவருக்குப் போட்டியாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கார்ல் கிரௌல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து வெளியிட்டது 1856-ல். ஹைடல்பெர்க்கிலும் கொலோனிலும் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த மரபு அதன் நீட்சிதான். கொலோனில் நிதி இல்லாமல் தமிழ்ப் பிரிவு மூடப்படும் நிலை வந்தபோது தமிழ்நாடு அரசு 1.25 கோடி ரூபாய் கொடுத்தது. பணம் கொடுத்தோம், அந்த இருக்கைகளுக்குப் போகும் அளவுக்கு ஜெர்மன் தெரிந்த தமிழ் ஆய்வாளர்களை உருவாக்கினோமா என்பது வேறு கேள்வி.

கடைசியாக ஆசிரியர் வேலை. இன்றைய நிலையில் ஜெர்மன் பட்டதாரிக்கு வேகமாகக் கிடைக்கக்கூடியது இதுதான், ஆனால் யாரும் ஆசைப்பட்டுச் சொல்வதில்லை. நர்ஸுகளும் ஆவுஸ்பில்டுங் பையன்களும் எம்.எஸ். மாணவர்களும் திரளாக ஏ1-க்கு வரிசையில் நிற்கும்போது, அவர்களுக்குச் சொல்லித்தர சி1 ஆட்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் போதவில்லை. விளைவு, பி1 முடித்தவரே ஏ1 வகுப்பு எடுப்பது, மூன்று மாதத்தில் பி1 என்று ஏஜென்சிகள் பலகை வைப்பது. அங்கே படித்துவிட்டு வரும் மாணவர் தேர்வில் பேச்சுப் பகுதியில் மட்டும் தோற்றுப் போவது வாடிக்கை. படித்தல், கேட்டல், எழுதல், பேசல் நான்கிலும் தனித்தனியே 60 சதவீதம் எடுக்க வேண்டும் என்பது பி1 முதல் உள்ள கோதே தேர்வுகளின் விதி. ஒன்றில் விழுந்தால் அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம், ஆனால் தேர்வுக்கு இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு.

பள்ளி வேலையை நம்பி இறங்குபவர்கள் 2014-ஐ மறக்கக்கூடாது. 2011-ல் கோதே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு கேந்திரிய வித்யாலயங்களில் ஜெர்மன் மூன்றாம் மொழியாக வந்தது. சுமார் 70,000 பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போதே, 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவில், அதை எடுத்துவிட்டு சமஸ்கிருதம் என்றார்கள். அந்தத் திட்டத்தை நம்பி ஆசிரியர் பயிற்சி எடுத்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பிறகு கூடுதல் பாடமாக ஜெர்மன் திரும்பி வந்தது, ஆனால் பழைய எண்ணிக்கை வரவில்லை. ஆகவே பள்ளியில் நிரந்தரப் பணிக்கு பி.எட்., கல்லூரிக்கு யு.ஜி.சி. நெட் (ஜெர்மனுக்கும் தனித் தாள் உண்டு), மொழி நிறுவனங்களுக்குக் கோதே நிறுவனம் ஜெர்மன் ஆசிரியர்களுக்குத் தரும் டி.எல்.எல். பயிற்சி என்று மூன்று வழியில் எது தனக்கு என்பதை எம்.ஏ. சேருவதற்கு முன்பே முடிவு செய்வது நல்லது. மூன்றுக்கும் தயாரிப்பு வேறு, ஆகும் காலமும் வேறு.